விரைவு வரிசையில் மூன்று பேர்

மலேசியாவுக்குப் புறப்படும் முன்பே ஒரு நோட்டில் பட்டியல் போட்டுவிட்டேன். எந்தச் சவாரி முதலில், எது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், எதில் நனைவோம், மாற்றுத்துணி எப்போது வேண்டும் என்று நேரம் குறித்த பட்டியல். கேளிக்கைப் பூங்காவுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு நாள். மற்ற நாட்கள் குழந்தையைக் கொஞ்சவும், சொந்தக்காரர் வீடுகளில் சாப்பிடவும். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இப்போது எழுதுவதும் அந்த நாளைப் பற்றித்தான். ஆனால் எழுத நினைத்தது இதை இல்லை.

என் அத்தை மகள் கனகா மதினிக்குக் கிள்ளானில் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. மம்சாபுரத்தில் இருக்கும் அத்தைக்கும் மாமாவுக்கும் பேரனைப் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் படிவம் நிரப்பவும், கேட்டால் பதில் சொல்லவும் கூட ஓர் ஆள் வேண்டும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கப்பலுக்கான காகிதங்களைத் தயார் செய்வது என் வேலை. உலகத்துத் துறைமுகங்களின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம்; ஒன்றையும் பார்த்ததில்லை. கிள்ளானும் அதில் ஒன்று. மாமா கேட்டு முடிப்பதற்குள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாமா ஓய்வுபெற்ற ஏட்டு. ஊரில் இன்றைக்கும் ஏட்டையாதான். ஆண்டாள் கோயில் தேரோட்டத்துக்குக் கயிறு கட்டிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, "ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவர். அவர் வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. ரேஷன் கடையோ, ரயில் டிக்கெட்டோ, எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். "முப்பது வருசம் வரிசையை நிப்பாட்டுனவன் நான். போய் நிக்கவும் செய்யணுமாக்கும்?"

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். சபரிமலையிலிருந்து திரும்புகிறவர்கள் வேன் வேனாக இறங்கிக் கடையை மறைத்து நின்றார்கள். மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பக்கவாட்டில் போய்க் கண்ணாடி அலமாரியை விரலால் தட்டினார். "வாங்க ஏட்டையா, எம்புட்டு வேணும்?" என்றார் கடைக்காரர். கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா, "அப்ப நாங்க மட்டும் சோலி இல்லாமலா நிக்கோம்?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். நான் செல்போனைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

கிள்ளானில் இறங்கிய முதல் நாளே மாமா மாட்டிக்கொண்டார். ரயில் நிலையத்தில் அட்டையைக் காட்டினால் இரண்டு கதவு திறக்கும். ஒருவர் உள்ளே போனதும் மூடிக்கொள்ளும். என் அட்டைக்குத் திறந்த கதவில் மாமாவும் என் முதுகை ஒட்டி வந்தார். கதவு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. எங்கோ ஒரு மணி விடாமல் அடித்தது. "ஏட்டி செல்வி, இது என்னட்டி, விட மாட்டேங்கு!" காவலாளி வந்து ஒரு பொத்தானை அமுக்கி விடுவித்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மாமாவின் சொந்த அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, பொறுமையாக அதே கதவில் காட்டி, மறுபடி முதலிலிருந்து அழைத்துப் போனார். வீடு வரும்வரைக்கும் அத்தை முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

இரண்டாம் நாள் என் முறை. காலையில் தெருமுனைக் கடையில் ரொட்டி சானாய் போடுகிறார்கள். நம் பரோட்டாவின் தங்கை. மெலிசு, ஓரம் மொறுமொறுப்பு, பருப்புக் குழம்போடு தருகிறார்கள். ராஜபாளையத்தில் பரோட்டாக் கடையில் எப்படி வாங்குவோம்? கல்லின் பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டி, "அண்ணாச்சி, நாலு, பார்சல்" என்று சத்தம் போடுவோம். யார் சத்தம் பெரிதோ அவருக்கு முதலில். அப்படியே செய்தேன். மாவு வீசிக்கொண்டிருந்த பெரியவர் தமிழர்தான். கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "தங்கச்சி, பின்னால ஆளு நிக்கிறாங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். கயிறும் இல்லை, கோடும் இல்லை, பலகையும் இல்லை. ஆறு பேர் நடைபாதையில் ஒருவர் பின் ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஏதோ பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் நிஜமாகவே பஸ்ஸுக்கு நின்றோம், மழையில். நிழற்குடைக்குள் இடம் இல்லாதவர்கள் குடை பிடித்துக்கொண்டு வரிசை கலையாமல் வெளியே நின்றார்கள். பஸ் வந்ததும் அத்தை பழக்கத்தில் கைப்பையை ஜன்னல் வழியே போடப் பார்த்தாள். ஜன்னல் திறக்காத ஏசி பஸ். பை கண்ணாடியில் மோதி அத்தை காலடியிலேயே விழுந்தது. "நம்மூர்ல ஒரு துண்டு போட்டா போதும், சீட்டு நம்மளுது" என்று பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணிடம் விளக்கினாள். அந்தப் பெண் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப முன்னால வந்து நின்னவங்க?" அத்தைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அவியளும் துண்டு போடலாம்லா?" என்றாள்.

இதையெல்லாம் நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். வேடிக்கையாக எழுதலாம் என்று நினைத்தேன். மாமாவும் அத்தையும் பழைய ஆட்கள், நான் அப்படி இல்லை என்கிற தொனியில்கூட இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களை இப்போது படிக்க முடியவில்லை.

நாலாம் நாள் பூங்கா.

பள்ளி விடுமுறை. மதினியின் கணவர் குமரன் அண்ணன் காடியை நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் சுற்றினார். அங்கே தமிழர்கள் காரைக் காடி என்கிறார்கள். உள்ளே போகும்போது பத்தரை. என் பட்டியல்படி அந்நேரம் இரண்டு சவாரி முடிந்திருக்க வேண்டும். மதினியும் அண்ணனும் குழந்தையோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான், அத்தை, மாமா மூவரும் படகுச் சவாரிக்குப் போனோம். மூன்று மாடி உயரத்துக்குப் படகை ஏற்றி, செயற்கைப் பாறைகளுக்கு நடுவே தண்ணீரோடு கீழே தள்ளிவிடுவார்கள். அத்தை வீடியோவில் பார்த்துவிட்டு, "இதுல மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போயிரு" என்று கேட்டது அது ஒன்றுதான்.

வாசலில் பலகை: காத்திருக்கும் நேரம் நூறு நிமிடம்.

அங்கே ஒவ்வொரு சவாரிக்கும் இரண்டு வரிசை. ஒன்று எல்லோருக்கும். இன்னொன்று கூடுதலாகக் கட்டணம் கட்டி மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை போட்டுக்கொண்டவர்களுக்கு. அதை விரைவு வரிசை என்கிறார்கள். நாங்கள் பொது வரிசையில் நின்றோம். இருபது நிமிடத்தில் ஒரு திருப்பம் தாண்டியிருப்போம். முன்னால் இன்னும் எத்தனை திருப்பம் என்று எக்கிப் பார்த்தேன். மாமா கம்பியில் சாய்ந்துகொண்டு, விரைவு வரிசையில் கைவீசி நடப்பவர்களையே பார்த்தார். "காசு குடுத்து முந்துனா முறை. பேச்சு குடுத்து முந்துனா தப்பு. என்ன கணக்குட்டி இது?" இதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியாது. அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

விரைவு வரிசையின் வாயிலில் ஒரு பெண் நின்று பட்டைகளைப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். ஒரு சின்னப் பையனை அளவுகோல் அருகே நிறுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வளரணும் தம்பி, அடுத்த வருசம் வாங்க" என்றாள். தமிழ்! நான் கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். "எங்கட்டி போறே?" என்றாள் அத்தை. "நீங்க இடத்தை விட்டுராதீங்க. நான் வாரேன்."

சட்டையில் ஷாமினி என்று பெயர். பேச்சுக் கொடுத்தேன். ஊரிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. "இந்தியாவா? பசியாறிட்டீங்களா அக்கா?" காலையில் சாப்பிட்டதை அங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். ராஜபாளையம் அவளுக்குத் தெரியவில்லை; மதுரைக்குப் பக்கம் என்றதும் மீனாட்சி கோயில் என்றாள். ஒரு நாள் போக வேண்டும், அம்மாவையும் கூட்டிப் போக வேண்டும் என்றாள். ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. இந்த மாதம் முடிந்தால் நிரந்தரமாக்குவார்கள். அதன்பிறகுதான் அந்த நினைப்பெல்லாம் என்று அவளே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு அது ஒரு தகவலாகக்கூடப் பதியவில்லை. என் மனசு வேறு வேலையாக இருந்தது.

மரத்தடிக்கு ஓடினேன். மதினியின் பையில் இருந்த பால்கோவாப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பினேன். "எங்க ஊர் பால்கோவா. உங்களுக்குத்தான், வச்சுக்கோங்க." அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். மூக்கில் வைத்து முகர்ந்தாள். "அம்மாக்கு ரொம்பப் பிடிக்கும்க்கா" என்று இடுப்புப் பைக்குள் வைத்தாள்.

ஒரு மரியாதைக்குச் செத்த நேரம் சும்மா நின்றேன். பிறகு சொன்னேன்.

"ஷாமினி, எங்க அத்தைக்கு முழங்கால் வலி. அதோ, அங்க நிக்காங்க பாருங்க. இம்புட்டு நேரம் நிக்க முடியாது. கொஞ்சம் பார்த்து விட முடியுமா?"

அத்தைக்கு முழங்கால் வலி கிடையாது. மம்சாபுரத்திலிருந்து தோட்டத்துக்குத் தலையில் சுமையோடு நடந்து போய் நடந்து வருகிறவள்.

ஷாமினி இரண்டு பக்கமும் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. ஒரு கை இடுப்புப் பையின் மேல் இருந்தது. "பட்டை இல்லாம விடக்கூடாதுக்கா" என்றாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாங்கிய பொருளைத் திருப்பித் தரவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் முதலில் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

"சீக்கிரம் வாங்க" என்று சங்கிலியை எடுத்தாள்.

நான் கைகாட்டினேன். அத்தை நொடியில் விஷயத்தைப் புரிந்துகொண்டு வலது காலை இழுத்து நடந்தாள். மாமா அவள் தோளைத் தாங்கிக்கொண்டார். விரைவு வரிசையில் பொது வரிசையை ஒட்டியே நடக்க வேண்டும். நடுவில் இடுப்பளவுக் கம்பி மட்டும்தான். ஒரு சீனப் பாட்டி தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். ஒரு மலாய்க் குடும்பம் தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர், இருபது நிமிடம் எங்கள் முதுகையே பார்த்து நின்றவர், போனைத் தூக்கிப் பிடித்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண் தன் அப்பாவிடம் இங்கிலீஷில் கேட்டாள்: "அவங்க மட்டும் ஏன் போறாங்க?" அவள் அப்பா எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவங்ககிட்ட அதுக்கான சீட்டு இருக்கும்மா."

அவர் திட்டியிருக்கலாம். பட்டை இல்லாத மணிக்கட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன்.

சவாரி நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு பொய். படகு உச்சியில் ஒரு நொடி நின்றது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு "ஆத்தாடி" என்றாள். பிறகு மூவரும் கத்தினோம். மாமாவின் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அத்தை ஐம்பது வயது குறைந்தவள் போலக் குதித்து இறங்கினாள், இரண்டு காலாலும்.

வெளியே வந்தபோது ஷாமினி இருந்த இடத்தில் வேறொரு ஆள் நின்றார். அவரும் தமிழர். நனைந்த மூன்று பேரையும், அத்தையின் கால்களையும் பார்த்தார். "நீங்கதானா?" என்றார். யாரோ படத்தோடு புகார் கொடுத்துவிட்டார்களாம். மேற்பார்வையாளர் வந்து பார்த்தபோது இடுப்புப் பையில் இனிப்புப் பொட்டலம் இருந்ததாம். அலுவலகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். "பார்வையாளர்கிட்ட ஒரு மிட்டாய்கூட வாங்கக்கூடாதுன்னு சொல்லித்தான் வேலைக்கே எடுக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் பட்டையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

"நாம பாட்டுக்குப் போவம்" என்றார் மாமா. "போய்ப் பேசுனா நம்மளை எழுதி வைப்பான். வெளிநாடு. நம்ம பேச்சு எடுபடாது."

"அந்தப் பிள்ளைக்கு வேலை போச்சுன்னா?" என்றாள் அத்தை.

"ஒரு பொட்டலத்துக்கு எவன் வேலையை விட்டு எடுப்பான்?"

அப்போதுதான் அவள் சொன்ன 'இந்த மாதம் முடிந்தால்' எனக்கு ஞாபகம் வந்தது. நான் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பேசினால் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். இங்கிலீஷ் தெரியும். கஸ்டம்ஸ்காரர்களோடு தினமும் போனில் பேசுகிறவள் நான்.

அலுவலக வாசலில் ஒரு பெஞ்சு. ஷாமினி அதில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

முக்காடு அணிந்த ஒரு நடுவயதுப் பெண் அதிகாரி. நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தார். இங்கிலீஷில், அவசரமில்லாமல் பேசினார். மேசையில் அந்தப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அந்தப் பெண்மேல் தப்பே இல்லை, முழங்கால் வலிக்காக இரக்கப்பட்டு எங்களை உள்ளே விட்டாள் என்று நான் மளமளவென்று சொன்னேன்.

"நிற்க முடியாதவர்களுக்கு நுழைவாயிலில் நேரச்சீட்டு தருகிறோமே. அந்த நேரத்துக்கு வந்தால் போதும், நிற்க வேண்டாம். நீங்கள் கேட்கவில்லையா?"

கேட்கவில்லை. அப்படி ஒன்று உண்டா என்று பார்க்கக்கூட இல்லை. நேர்வழி எங்கே என்று தேடுவதற்கு முன்னால் தெரிந்த ஆள் யார் என்று தேடியிருக்கிறேன்.

"சரி. இந்த இனிப்பை எப்போது கொடுத்தீர்கள்? அவர் உங்களை விடுவதற்கு முன்பா, பின்பா?"

கேள்வி எதற்கென்று உடனே எனக்குப் புரிந்தது. முன்பு என்றால் லஞ்சம். பின்பு என்றால் நன்றி. என் மூளை அவ்வளவு வேகம்.

"பின்புதான். நன்றிக்காகக் கொடுத்தது. எங்கள் ஊர் வழக்கம்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்த இன்னொரு தாளை என் பக்கம் திருப்பினார். ஷாமினி தன் கைப்பட எழுதியது. பார்வையாளர் முதலில் இனிப்பு கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன், பிறகு அவர் உதவி கேட்டார், மறுக்கச் சங்கடமாக இருந்தது, நான் செய்தது தவறு. நாலே வரி.

"இதோடு ஓர் எச்சரிக்கை கொடுத்து முடித்திருப்பேன்" என்றார் அதிகாரி. "ஷாமினி உண்மையைச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். இப்போது இரண்டு கதை இருக்கிறது. ஒருவர் சொல்வது உண்மை இல்லை. இதை நான் மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதா?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது பொய் என்று. ஆனால் அதைச் சொன்னால் முழங்காலும் பொய் என்று சொல்ல வேண்டும். விசா, பாஸ்போர்ட், போலீஸ் என்று என்னென்னவோ தலைக்குள் ஓடியது. நாளை விமானம்.

"சரியாக ஞாபகம் இல்லை" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஷாமினி எழுந்து நின்றாள். "நீங்க நடந்ததைச் சொல்லிட்டீங்கல்லக்கா?" என்று கேட்டாள். கேள்வியில் சந்தேகம் இல்லை. நான் வந்து பேசியதற்கு நன்றி சொல்கிற மாதிரி கேட்டாள்.

தலையாட்டினேன்.

மரத்தடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மதினி, "என்னட்டி ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல மதினி, பேசியாச்சு" என்றேன். பட்டியலில் இன்னும் ஏழு சவாரி மிச்சம் இருந்தது. ஒன்றுக்கும் போகவில்லை. தலைவலி என்றேன்.

ஐந்தாம் நாள் விமான நிலையத்தில் வரிசை எண் கூப்பிடும் முன்பே நம் ஊர்க்காரர்கள் எழுந்து வாயிலை அடைத்து நின்றார்கள். மாமாவும் போய் நின்றார். நான் கடைசி ஆள் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை.

மம்சாபுரம் திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் பேரன் படம் பார்க்க அத்தை வீட்டுக்கு வந்தார்கள். படம் முடிந்ததும் மாமா கதையை ஆரம்பித்தார். "நூறு நிமிசம் நிக்கணும்னு போர்டு போட்ருக்கான். நம்ம செல்வி போயி ஒரே ஒரு பொட்டலம் பால்கோவா! சங்கிலியைத் தூக்கிட்டாள்லா அந்தப் பிள்ளை! இவ அத்தைக்காரி நொண்டுனா பாரு ஒரு நொண்டு..." எழுந்து நடந்து காட்டினார். வீடே சிரித்தது. "படிச்ச பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்" என்றார் சேத்தூரிலிருந்து வந்திருந்த சின்ன மாமா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை மட்டும் காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே மதினியிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். குழந்தை சத்தம்தான் கேட்டது. "உங்க அண்ணன்ட்ட சொல்லி விசாரிக்கச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அண்ணன் நேரிலேயே போயிருக்கிறார். ஷாமினியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை சம்பளம் இல்லை. நிரந்தரம் என்கிற பேச்சே இல்லை. விதியை மீறியது சின்ன விஷயமாம். பார்வையாளர் வேறு மாதிரி சொல்லியிருப்பதால், அவள் நிர்வாகத்திடம் பொய் எழுதிக் கொடுத்தாளோ என்பதுதான் இப்போது பெரிய விஷயமாம்.

கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? "அண்ணே, அந்தக் கம்பெனியில உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகக் கேட்டது. அதைவிடக் கேவலம், ஒருவர் இருந்தார். அண்ணனோடு படித்தவர், அங்கேயே பெரிய பதவியில். ஒரு போன் போட்டால் போதும் என்று எனக்கு மூச்சு வந்தது.

அண்ணன் ஷாமினியிடம் கேட்காமல் செய்ய விரும்பவில்லை. கேட்டிருக்கிறார். அவள் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னார்: "எனக்காக யாரும் யார்கிட்டயும் பேச வேணாம்ணே. அந்த அக்காவை நடந்ததை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்க."

மறுநாள் மத்தியானம் ராஜபாளையத்தில், ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் எழுதினேன். தினமும் எத்தனையோ கடிதம் டைப் செய்கிறேன். சரக்கு தாமதமானதற்கு அழகழகாகக் காரணம் சொல்லத் தெரியும். இதை ஐந்து முறை அழித்தேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வாக்கியம் என்னைக் காப்பாற்றப் பார்த்தது. 'எங்கள் ஊர் வழக்கப்படி' என்று ஒருமுறை வந்தது. 'பதற்றத்தில்' என்று ஒருமுறை. கடைசியில் இப்படி நின்றது: இனிப்பை முதலில் கொடுத்தேன். அவர் மறுக்க முடியாமல் போக வேண்டும் என்பதற்காகவே கொடுத்தேன். என் அத்தைக்கு முழங்கால் வலி இல்லை. உங்கள் அதிகாரியிடம் நான் சொன்னது பொய். ஷாமினி எழுதியது முழுவதும் உண்மை.

அன்று மாலையே மம்சாபுரம் பஸ் ஏறி, மாமாவிடம் காட்டினேன். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். சர்வீசில் எத்தனையோ வாக்குமூலம் எழுதியவர். "முட்டு வலியை எடுத்துரு" என்றார். "அது இல்லாமலே கேஸ் நிக்கும். அதைப் போட்டா நம்ம மூணு பேரையும்லா அசிங்கப்படுத்தும்."

"அசிங்கம்தானே மாமா செஞ்சோம்."

மாமா தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டு டிவியைச் சத்தமாக வைத்தார். இன்றுவரை அந்தக் கதையை என் முன்னால் சொல்வதில்லை. நான் இல்லாதபோது சொல்கிறாரா என்று தெரியாது.

அத்தைதான் அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்கட்டி போடணும்? என் முட்டு வலியைப் பத்தித்தானே எழுதியிருக்கே. நான் போடுதேன் கையெழுத்து." என் பெயருக்குக் கீழே, கோணல் மாணலாகப் பேச்சியம்மாள் என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு அம்மா மட்டுந்தானா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பி, தாளையும் தபாலில் சேர்த்தேன். அண்ணனிடம் ஷாமினியின் எண்ணை வாங்கி, மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். என் பொய்யையும் தலையாட்டலையும் சேர்த்துத்தான். படித்துவிட்டாள் என்று நீலக்குறி விழுந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், விசாரணை எப்போது, தேதி கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டேன். அண்ணனின் நண்பரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தேதியை மட்டுமாவது முன்னால் கொண்டுவரலாம் என்று, இவ்வளவுக்குப் பிறகும், அதே செய்தியில் எழுதி, அனுப்பும் முன் அழித்தேன்.

அன்று சாயங்காலம் பதில் வந்தது.

"கடிதம் கெடச்சிருச்சு. பைல்ல சேர்த்துட்டாங்க. எனக்கு முன்னாடி இன்னும் நாலு பேர் இருக்காங்க. அவங்களது முடியட்டும்."